தாய்க்கு மூத்த பிள்ளைகள்

பாஸ்கா திருவிழிப்பு முடிந்து ஆலயத்தைவிட்டு வெளியே வரும்போது நள்ளிரவு கடந்துவிட்டிருக்கும். எரியோட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு நடந்தும் மிதிவண்டியிலும் திரும்பும் மக்களோடு நாமும் பலமுறை அவ்வேளையில் நின்றிருக்கிறோம். ஆபிரகாமின் வழிமரபு விண்மீன்களைப்போல் பெருகும் என்ற வாக்குறுதியைச் சற்று முன்னர்தான் வாசகத்தில் கேட்டிருப்போம். ஆகவே அண்ணாந்து பார்ப்பது இயல்பே. ஆனால் பார்த்தவுடன் ஏமாற்றம். உயிர்ப்புப் பெருவிழா முழுநிலவை ஒட்டி வருவது. அந்த நிலவொளியில் பெரிய மீன்கள் சிலவற்றைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை.

பத்து நாள் பொறுத்து, நிலவில்லாத இரவில் மீண்டும் வந்து நிற்க வேண்டும். நூற்பாலைகளின் விளக்குகளுக்கும் திண்டுக்கல் நகரின் ஒளிக்கும் முதுகைக் காட்ட இயலாது. நாம் பார்க்க வேண்டிய திசை அதுவே. தெற்கே, சிறுமலை இருக்கும் பக்கம், தென்சிலுவை சற்றே வலப்புறம் சாய்ந்து நிற்கும். அதற்கு இடப்புறம் இரண்டு பெருமீன்கள். அவற்றுக்கு மேலே, அடிவானத்திலிருந்து தலை உச்சி வரையுள்ள உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏறினால், மங்கலான ஒரு புள்ளி தென்படும். விண்மீன்போல் கூர்மையாக இராது; விரலால் தேய்த்துவிட்டது போலிருக்கும். அதற்கு ஒமேகா சென்டாரி என்று பெயர். அது ஒரு விண்மீன் அன்று. ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் பந்துபோல் திரண்டு நிற்கும் ஒரு கொத்து. அதிலிருந்து புறப்பட்ட ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 17,000 ஆண்டுகள் ஆகின்றன.

ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து இதைக் காண முடியாது. பண்டைக்காலத்துத் தாலமி இதை விண்மீன் என்றே பட்டியலிட்டார். 1677-இல் ஆங்கிலேயரான எட்மண்ட் ஹாலி தென் அட்லாண்டிக்கிலுள்ள செயின்ட் ஹெலெனா தீவுக்குச் சென்றபோதுதான் இது தனிமீன் அன்று என்பதைக் கண்டார். நமக்கோ அந்தக் கடற்பயணம் தேவையில்லை; வீட்டு மொட்டைமாடி போதும். இவ்வளவு எளிதாக வாய்த்ததை நாம் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

அந்த இரண்டு பெருமீன்களில் ஒளி மிகுந்ததான ஆல்ஃபா சென்டாரி ஒற்றை மீன் அன்று, இரட்டை மீன் என்பதை முதலில் கண்டவர் இயேசு சபைக் குருவான அருட்தந்தை ஜான் ரிஷோ. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்மீனை ஆராய்ந்துகொண்டிருந்தபோது தம் தொலைநோக்கியில் அதைக் கண்டார். தமிழ் மண்ணில் தொலைநோக்கி வழியே நிகழ்ந்த முதற் கண்டுபிடிப்புகளில் அது ஒன்று.

ஒமேகா சென்டாரி போன்ற கோளக் கொத்துகள் நம் பால்வெளி மண்டலத்தில் நூற்றைம்பதுக்கும் மேல் உள்ளன. இவற்றை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட வானியலாளர்கள் உண்டு. அவர்களுடைய உழைப்பின் வரலாற்றைப் படிக்கும்போது நம்மைத் தடுத்து நிறுத்தியது ஒரு முரண்பாடு. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில், இந்தக் கொத்துகளின் வயது பேரண்டத்தின் வயதைவிட அதிகம் என்று கணக்குகள் காட்டின. தாயைவிடப் பிள்ளை மூத்தது என்றால் யாரோ எங்கோ தவறு செய்திருக்கிறார்கள். அந்தத் தவறு எங்கே என்று தேடிய கதையில், நம் மாவட்டத்து மலைக்கும், சென்னையில் படித்த ஒரு தமிழருக்கும், வத்திக்கான் தோட்டத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கும் இடமுண்டு.

கதை 1860-இல் தொடங்கட்டும். இங்கிலாந்தில் ஹார்ட்வெல் என்னும் இடத்திலிருந்த தனியார் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் என்பவர் பணியாற்றினார். விருச்சிக மண்டலத்தில் மெசியே 80 எனப்படும் ஒரு கோளக் கொத்து உண்டு. மே 9 அன்று போக்சன் அதைப் பார்த்தபோது வழக்கம்போல் பஞ்சுத் துணுக்காகவே இருந்தது. மே 28 அன்று அதே தொலைநோக்கியில் பார்த்தவர் திடுக்கிட்டார். பஞ்சு இருந்த இடத்தில் ஒரு விண்மீன் பளிச்சென்று நின்றது. ஜூன் 10-இல் அது ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஜெர்மானியரான அவ்வெர்ஸ் ஒரு வாரம் முந்தி மே 21 அன்றே அதைக் கண்டிருந்தார் என்பது பின்னர் தெரிந்தது. கொத்தினுள் இருந்த ஒரே ஒரு விண்மீன் வெடித்துச் சில நாட்கள் கொத்து முழுவதற்கும் ஈடாக ஒளிர்ந்திருக்கிறது.

அதே போக்சன் 1861 தொடக்கத்தில் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று வந்தார். முப்பதாண்டுகள் இங்கேயே உழைத்து 1891-இல் சென்னையிலேயே மறைந்தார். வந்த ஆண்டே ஏப்ரலில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டார். நுங்கம்பாக்கத்து அந்த வானாய்வகத்தின் நினைவாக இன்று எஞ்சியிருப்பது முக்கியமாக ஒரு கருங்கல் தூண். 1792-இல் நிறுவப்பட்ட அதில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது. போக்சனின் கீழ் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் புதிய விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்.

போக்சனின் பெயர் இன்றும் வானியலில் நிற்பதற்குக் காரணம் மெசியே 80 அன்று. அவர் 1856-இல் தந்த ஓர் அளவுகோல். விண்மீன்களின் ஒளியை முதல்தரம், இரண்டாம்தரம் என்று பண்டையோர் கண்மதிப்பாகப் பிரித்திருந்தனர். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையே ஒளி 2.512 மடங்கு வேறுபடுவதாகக் கொண்டால், ஐந்து தரங்களில் அது சரியாக நூறு மடங்காகும் என்று அவர் வரையறுத்தார். கொத்துகளிலுள்ள ஒவ்வொரு விண்மீனையும் அளந்து எழுதும் கணக்குப் புத்தகத்துக்கு இதுவே படிக்கல்.

இந்த அளவுகோலைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதைக் காட்டியவர் அமெரிக்கரான ஹார்லோ ஷாப்லி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சோலன் பெய்லி தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலிருந்து எடுத்த படங்களில், ஒமேகா சென்டாரியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட மாறொளி விண்மீன்களை எண்ணியிருந்தார். ஒரு நாளுக்குள் ஒளி கூடிக் குறையும் இவ்வகை மீன்களின் உண்மையான ஒளித்திறன் ஏறத்தாழ ஒன்றே. தொலைவிலுள்ள விளக்கு மங்கலாகத் தெரிவதை வைத்து அதன் தூரத்தை மதிப்பிடுவதுபோல், இவற்றைக் கொண்டு கொத்துகளின் தொலைவை ஷாப்லி கணக்கிட்டார். கொத்துகளில் பெரும்பகுதி வானின் ஒரே பக்கம், தனுசு மண்டலத்தை நோக்கித் திரண்டிருப்பதை அவர் கண்டார். அவை சுற்றி நிற்கும் மையம் அங்கேதான் இருக்க வேண்டும். அப்படியானால் ஞாயிறு அந்த மையத்தில் இல்லை. 1918-இல் வெளியான இம்முடிவு, பூமியை நடுவிலிருந்து அகற்றிய கொப்பர்நிக்கஸின் பணியை ஒரு படி மேலே கொண்டுசென்றது. ஷாப்லி சொன்ன தொலைவுகள் மிகைப்பட்டவை. இன்றைய கணக்கில் மையம் ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. ஆனால் திசை சரியே.

அடுத்த அடியை எடுத்து வைத்தவரின் நிலைமை விசித்திரமானது. வால்ட்டர் பாடே ஜெர்மானியர். அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் மலையில் பணியாற்றினார். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது பகைநாட்டுக் குடிமகன் என்பதால் அவரைப் போர்ப்பணியில் சேர்க்கவில்லை. மற்ற வானியலாளர்கள் போர் ஆய்வுகளுக்குச் சென்றுவிட, அன்று உலகிலேயே பெரியதாயிருந்த 100 அங்குலத் தொலைநோக்கி அவர் கையில் எஞ்சியது. வான்தாக்குதல் அச்சத்தால் கீழே லாஸ் ஏஞ்சலஸ் நகரம் விளக்குகளை அணைத்து இருளில் கிடந்தது. அந்த இருளில் அவர் ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் நடுப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துப் படமெடுத்தார். மனிதர் ஒருவரையொருவர் அழித்த அந்த ஆண்டுகளின் இருட்டு இப்படியொரு வேலைக்கும் பயன்பட்டது என்று எழுதும்போதே நமக்கு மனம் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுவே.

1944-இல் பாடே தம் முடிவை வெளியிட்டார். விண்மீன்கள் இருவகைக் குடிகளைச் சேர்ந்தவை. சுருள் கரங்களில் வாயுவும் தூசியும் சூழ்ந்திருக்கும் நீலநிறப் பேரொளி மீன்கள் முதற்குடி. ஆண்ட்ரோமெடாவின் நடுவிலும் கோளக் கொத்துகளிலும் உள்ள செந்நிற மீன்கள் இரண்டாம் குடி. முதற்குடி இளையது, இரண்டாம் குடி முதியது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எண்வரிசை தலைகீழாக அமைந்துவிட்டது. மாணவர்கள் இன்றும் இதில் இடறுகிறார்கள்.

இக்கண்டுபிடிப்புக்கு உடனடி விளைவு ஒன்று இருந்தது. தொலைவை அளக்கப் பயன்பட்ட மாறொளி மீன்களிலும் இருகுடிகள் உண்டு. அவற்றை ஒன்றெனக் கருதியதால் அண்டங்களின் தொலைவு பாதியாகக் கணக்கிடப்பட்டுவிட்டது. 1952 செப்டம்பரில் உரோமையில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பேரவையில் பாடே இதை அறிவித்தார். பேரண்டத்தின் அளவும் வயதும் ஒரே நாளில் இருமடங்காயின. அதுவரை பேரண்டத்துக்குக் கணக்கிடப்பட்டிருந்த வயது ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டுகள். பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவை என்று நிலவியலார் சொல்லிக்கொண்டிருந்தனர். தாய்க்கு மூத்த பிள்ளை என்னும் சிக்கல் முதன்முதலில் எழுந்ததும், ஓரளவு தீர்ந்ததும் அப்போதுதான்.

இங்கே நம் திருச்சபையின் வரலாற்றில் ஒரு சிறு பக்கத்தைப் புரட்ட வேண்டியுள்ளது. அதற்கு முந்திய ஆண்டு, 1951 நவம்பரில், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் திருத்தந்தையின் அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில், பேரண்டத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்ற புதிய அறிவியல் கருத்தைப் படைப்பு பற்றிய நம்பிக்கையோடு இணைத்துப் பேசினார். அந்தக் கருத்தை வகுத்தவரே ஒரு குருவானவர்: பெல்ஜிய நாட்டு அருட்தந்தை ஜார்ஜ் லெமெய்த்தர். அவர் மகிழ்ந்திருப்பார் என்று நாம் எண்ணுவோம். அவர் மகிழவில்லை. அறிவியல் கோட்பாடு ஒன்று நாளை மாறலாம், அதன்மீது நம்பிக்கையைச் சுமத்தக் கூடாது, நம்பிக்கையைக் கொண்டு அதைத் தாங்கவும் கூடாது என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. 1952-இல் வானியல் பேரவைக்கு வந்தவர்களைச் சந்தித்தபோது திருத்தந்தை அந்த இணைப்பை மீண்டும் வலியுறுத்தவில்லை. சில நாள் இடைவெளியில் பாடே கணக்கை இருமடங்காக்கினார். லெமெய்த்தரின் எச்சரிக்கை எவ்வளவு சரியானது என்பதற்கு வேறு சான்று தேவையா?

ஐந்தாண்டுகள் கழித்து, 1957 மே 20 முதல் 28 வரை, வத்திக்கான் தோட்டத்திலுள்ள நான்காம் பத்திநாதர் இல்லத்தில் ஓர் ஆய்வு வாரம் நடந்தது. அதன் பொருள் விண்மீன் குடிகள். கூட்டியவர் வத்திக்கான் வானாய்வக இயக்குநரும் இயேசு சபைக் குருவுமான அருட்தந்தை டேனியல் ஓ’கானல். வந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: பாடே, லெமெய்த்தர், ஆலந்து நாட்டு ஊர்ட், ஆங்கிலேயரான ஹாயில், அமெரிக்காவிலிருந்து ஃபௌலர், ஷ்வார்ட்ஸ்சைல்ட், இளைஞர் ஆலன் சாண்டேஜ். பேரண்டத்துக்குத் தொடக்கமே இல்லை என்று வாதிட்ட ஹாயிலும், தொடக்கத்தை வகுத்த லெமெய்த்தரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். பாடேயின் இருகுடிகள் அங்கே ஐந்து குடிகளாக விரிந்தன. மூத்த குடியில் இரும்பு, கால்சியம் முதலிய கனத் தனிமங்கள் மிகக் குறைவு. இளைய குடியில் மிகுதி. ஒரு தலைமுறை மீன்கள் தம்முள் சமைத்து இறக்கும்போது வெளியே வீசியதைக் கொண்டே அடுத்த தலைமுறை உருவாகிறது. நம் குருதியிலுள்ள இரும்பும் அப்படி வந்ததே. அந்த வாரத்தின் உரைகளும் விவாதங்களும் அடுத்த ஆண்டு நூலாக வெளிவந்து, நெடுங்காலம் வானியலாளர்களின் கைநூலாக இருந்தது. கலிலேயோவைப்பற்றி நாம் அடிக்கடி கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். இந்த வாரத்தைப்பற்றி எத்தனைபேர் கேட்டிருக்கிறோம்?

கொத்துகளின் வயதை எப்படி அறிவது? இந்த இடத்தில்தான் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் வருகிறார். கப்பலில் இங்கிலாந்துக்குச் சென்ற 1930-இல், இறந்த விண்மீன்களான வெண்குள்ளன்களின் எடைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு என்று அவர் கணக்கிட்டது பலரும் அறிந்தது. அதற்கே 1983-இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. 1942-இல் அவர் பிரேசில் நாட்டு மாரியோ ஷோன்பெர்க்குடன் சேர்ந்து எழுதிய கட்டுரை அவ்வளவாக அறியப்படவில்லை. விண்மீன் தன் நடுவிலுள்ள ஹைட்ரஜனை எரித்து ஹீலியமாக்குகிறது. சமையலறையில் சாம்பல் சேர்வதுபோல் ஹீலியம் நடுவில் சேர்கிறது. மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இப்படிச் சேர்ந்தபின் நடுப்பகுதி மேலே உள்ள சுமையைத் தாங்க இயலாமல் சுருங்கத் தொடங்கும். வெளிப்பகுதியோ விரிந்து சிவக்கும். அமைதியாக எரிந்த நீண்ட பருவம் அங்கே முடிகிறது.

பெரிய மீன்கள் விரைவாக எரிகின்றன. சிறியவை சிக்கனமாக எரிகின்றன. ஒரு கொத்தின் மீன்கள் அனைத்தும் ஒரே காலத்தில் பிறந்தவை எனில், முதலில் பெரியவை அமைதிப் பருவத்தை விட்டு நீங்கும், பிறகு அடுத்தவை, பிறகு அதற்கடுத்தவை. ஒரு கொத்திலுள்ள மீன்களின் நிறத்தையும் ஒளியையும் வரைபடத்தில் குறித்தால், எந்த எடையில் மீன்கள் பாதையைவிட்டுத் திரும்புகின்றன என்பது ஒரு முழங்கைபோல் தெளிவாகத் தெரியும். அந்த முழங்கை எவ்வளவு கீழே இருக்கிறதோ, கொத்து அவ்வளவு முதியது. சாண்டேஜும் ஷ்வார்ட்ஸ்சைல்டும் 1952-இல் இதைக் கணக்காக்கினர். மெழுகுவர்த்தியின் மிச்சத்தைப் பார்த்து எப்போது ஏற்றியது என்று சொல்வது போன்ற வேலை இது.

அதன்பின் பல பத்தாண்டுகள் கணக்குகள் நுட்பமடைய, கொத்துகளின் வயது ஏறிக்கொண்டே போயிற்று. 1990-களில் அது ஏறத்தாழ 1,400 கோடி முதல் 1,600 கோடி ஆண்டுகள் என்று நின்றது. அப்போது 1994-இல், ஹபிள் விண்தொலைநோக்கியைக் கொண்டு பேரண்டம் விரியும் வேகத்தை அளந்தவர்கள், பேரண்டத்தின் வயது 800 கோடி முதல் 1,200 கோடி ஆண்டுகளே இருக்க வேண்டும் என்றனர். பழைய சிக்கல் மீண்டும் வாசலில் வந்து நின்றது. பெருவெடிப்பே பொய் என்று செய்தித்தாள்கள் எழுதின. சமயவாதிகளில் சிலர் அறிவியலின் தோல்வி என்று மகிழ்ந்தனர். இரு கூச்சலுக்கும் வானியலாளர்கள் பெரிதாகச் செவிசாய்த்ததாகத் தெரியவில்லை. அளவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் சரிபார்த்தனர்.

தவறு இரண்டு பக்கமும் இருந்தது. 1997-இல் வெளியான ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோளின் அளவீடுகளின்படி கொத்துகள் நினைத்ததைவிடத் தொலைவில் இருந்தன. அப்படியானால் அவற்றின் மீன்கள் உண்மையில் ஒளிமிக்கவை, வேகமாக எரிபவை, ஆகவே இளையவை. மறுபக்கம் 1998-இல், பேரண்டத்தின் விரிவு குறைந்துகொண்டு வரவில்லை, விரைந்துகொண்டே போகிறது என்று தெரிந்தது. அதனால் பேரண்டத்தின் வயது கூடியது. இன்று அது 1,380 கோடி ஆண்டுகள் எனப்படுகிறது. 2002-இல் மெசியே 4 என்னும் கொத்தில், ஆறிக்கொண்டிருக்கும் வெண்குள்ளன்களின் மங்கலான ஒளியை ஹபிள் கொண்டு அளந்து, முற்றிலும் வேறு வழியில் அதன் வயது ஏறத்தாழ 1,270 கோடி ஆண்டுகள் என்று கணித்தனர். பிள்ளை தாய்க்கு இளையதாயிற்று. மிகச் சிறிதே இளையது.

நம் நாட்டில் இக்கொத்துகளைப் பார்த்தவர்கள் யார்? சென்னை வானாய்வகத்தின் வானியல் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. இன்று திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள அந்த மலையில் நூற்றாண்டுக்கும் மேலாக ஞாயிற்றையே பார்த்து வருகின்றனர். 1960-இல் அதன் பொறுப்பை ஏற்றவர் வைணு பாப்பு. சென்னையில் 1927-இல் பிறந்தவர். ஷாப்லி இயக்குநராக இருந்த காலத்தில் ஹார்வர்டில் படித்து, அங்கே 1949-இல் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர். இரவு வானத்துக்கு இந்தியாவில் ஓர் இடம் வேண்டும், அதுவும் தென்வானம் நன்கு தெரிய வேண்டும் என்று தேடி, சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தார். 1968-இல் அங்கே நிறுவப்பட்ட முதல் தொலைநோக்கியின் விட்டம் 38 சென்டிமீட்டர், நம்மவர்களே செய்தது. பின்னர் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. பாப்புவும் உடன் ஆய்வாளர் ஒருவரும் ஒமேகா சென்டாரியின் ஒளியும் நிறமும் எப்படிப் பரவியுள்ளன என்பதைப்பற்றி 1981-இல் கட்டுரை வெளியிட்டனர். மறு ஆண்டு ஆகஸ்டில் பாப்பு மறைந்தார். அவர் கனவுகண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அவர் பெயரைத் தாங்கியது.

பாப்பு வளர்த்த இந்திய வானியற்பியல் நிறுவனத்தில், அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து 1996-இல் விண்மீன் கொத்துகளைப்பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றவர் அன்னபூரணி சுப்பிரமணியம். பாலக்காட்டில் கல்வி கற்றவர். கொத்துகளைவிட்டு அவர் பிறகும் வெகுதொலைவு போகவில்லை. மெகல்லன் மேகங்களிலும் அவற்றின் விண்மீன் குடிகளையே ஆராய்ந்தார். 2015 செப்டம்பர் 28-இல் சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில், அந்நிறுவனம் முன்னின்று உருவாக்கிய புறஊதாத் தொலைநோக்கி உண்டு. புறஊதா ஒளியைக் காற்றுமண்டலம் தடுத்துவிடுவதால் தரையிலிருந்து அதைப் பார்க்க வழியில்லை. அக்கருவியின் அளவீடுகளைச் சரிபார்த்து நிலைப்படுத்தும் பணியில் அன்னபூரணிக்குப் பெரும்பங்கு உண்டு. இரட்டைக் குழல்களாக அமைந்த அதன் கண்ணாடிகளின் விட்டம் 38 சென்டிமீட்டர். காவலூரின் முதல் தொலைநோக்கியும் அதே அளவு என்பது தற்செயலே. ஆயினும் நமக்கு அது பிடித்திருக்கிறது.

அவர் தேடியது ஒரு பழைய புதிரின் விடை. 1953-இல் சாண்டேஜ் மெசியே 3 என்ற கோளக் கொத்தின் வரைபடத்தில், முழங்கைக்கு மேலே, எதுவுமே எஞ்சியிருக்கக் கூடாத இடத்தில், நீலநிற மீன்கள் சிலவற்றைக் கண்டார். உடன்பிறந்தோர் எல்லாம் நரைத்துவிட்ட வீட்டில் ஒருவர் மட்டும் இளமையோடு இருப்பதுபோல. நீலப் பின்தங்கிகள் என்று அவற்றுக்குப் பெயராயிற்று. இரண்டு மீன்கள் மோதி ஒன்றாகியிருக்கலாம், அல்லது அருகிலுள்ள துணைமீனிடமிருந்து வாயுவைப் பெற்று எடை கூடியிருக்கலாம் என்று இருவகை விளக்கங்கள் நிலவின. இரண்டாவது உண்மையானால், வாயுவை இழந்த துணையின் எச்சம் சூடான சிறு மீனாக அருகில் இருக்க வேண்டும். சாதாரண ஒளியில் அது நீலமீனின் பிரகாசத்தில் மறைந்துவிடும், புறஊதாவில் வெளிப்படும்.

2016-இல் அன்னபூரணியும் குழுவினரும் என்.ஜி.சி. 188 என்ற கொத்தில் அப்படியொரு துணையைக் கண்டதாக வெளியிட்டனர். அதன் வெப்பம் ஏறத்தாழ 17,000 கெல்வின். நம் ஞாயிற்றின் பரப்பைப்போல் மூன்று மடங்கு. 2017 தொடக்கத்தில் செய்தித்தாள்கள் இதைக் ‘காட்டேரி விண்மீன்’ என்று தலைப்பிட்டன. துணையின் குருதியை உறிஞ்சி இளமையாயிற்றாம். நமக்கு இந்தப் பெயர் உவப்பானதாய் இல்லை. மூத்த மீன் முதுமையில் விரியும்போது அதன் வெளிப்போர்வை தானே வழிந்து அண்டைமீன்மீது விழுகிறது. அங்கே உறிஞ்சுவோரும் இல்லை, களவுகொடுத்தோரும் இல்லை.

என்.ஜி.சி. 188 மிக முதியதாயினும் கோளக் கொத்து அன்று. நெருக்கமில்லாத திறந்த கொத்து. கோளக் கொத்திலும் இப்படி நடக்கிறதா என்ற கேள்வி எஞ்சியது. 2019-இல் சினேகலதா சாகு முதல் ஆசிரியராக, அன்னபூரணி உள்ளிட்டோர் வெளியிட்ட கட்டுரை அதற்கு விடை தந்தது. பூதேசு மண்டலத்தில், ஏறத்தாழ 52,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள என்.ஜி.சி. 5466 என்ற கோளக் கொத்தின் புறப்பகுதியில், நீலப் பின்தங்கி ஒன்றின் அருகே ஒரு வெண்குள்ளன் இருப்பதை அவர்கள் கண்டனர். மீன்கள் மோதிக்கொள்ள வாய்ப்புக் குறைந்த, நெரிசலற்ற பகுதி அது. ஆகவே வாயு கைமாறியதென்ற விளக்கமே அங்கே பொருந்துகிறது. சந்திரசேகர் கப்பலில் கணக்கிட்ட வெண்குள்ளன், சாண்டேஜின் புதிருக்குச் சாட்சியாக வந்து நின்றது. அதே ஆண்டில் அன்னபூரணி அந்நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

இதற்கிடையே, கொத்தின் மீன்கள் அனைத்தும் ஒரே காலத்தில் பிறந்த உடன்பிறப்புகள் என்ற அடிப்படையே ஆட்டம் கண்டுவிட்டது. ஒமேகா சென்டாரியின் மீன்கள் பல குடிகளைச் சேர்ந்தவை என்று 2004-இல் ஹபிள் படங்கள் ஐயமறக் காட்டின. அது கொத்தே அன்று, நம் பால்வெளி மண்டலம் விழுங்கிய சிறு அண்டம் ஒன்றின் எஞ்சிய நடுப்பகுதி என்று பலர் கருதுகின்றனர். 2024-இல் அதன் நடுவே மிக வேகமாக ஓடும் ஏழு மீன்களைக் கண்டு, ஞாயிற்றைப்போல் குறைந்தது 8,200 மடங்கு எடையுள்ள கருந்துளை அங்கே இருக்க வேண்டும் என்று கணித்துள்ளனர். மற்றக் கொத்துகளிலும் பல குடிகள் தென்படுகின்றன. அவை எப்படி உருவாயின என்பதற்கு அனைவரும் ஏற்கும் விளக்கம் இதுவரை இல்லை.

சிறுமலைப் பக்கம் ஒமேகா சென்டாரியைக் கண்டபின் அதே இரவில் திரும்பி நின்று, தலை உச்சிக்குச் சற்று வடக்கே பார்க்க வேண்டும். செம்மஞ்சளாய் ஒளிரும் சுவாதி மீனை எளிதில் அடையாளம் காணலாம். அதற்கு வடமேற்கே சில முழம் தள்ளி, வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத ஒரு திட்டு. சாண்டேஜின் மெசியே 3 அங்கேதான் இருக்கிறது. அதிலிருந்து மூன்று விரல் அகலத்தில், நீலமீனும் வெண்குள்ளனும் உள்ள என்.ஜி.சி. 5466. நல்ல இருகண்நோக்கி கையிலிருந்தால் முன்னது பஞ்சுத்துணுக்காகத் தெரியும். பின்னது எரியோட்டு வானத்தில் நமக்கு இதுவரை அகப்படவில்லை. நூற்பாலை விளக்குகள் அணைந்து கிடக்கும் ஒரு மின்வெட்டு இரவில் மீண்டும் பார்க்க வேண்டும்.